யார் செய்த பாவம்?



இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதை எடுத்து மூடி வைத்துவிட்டு வேறொன்றை எழுதும்படி கர்த்தர் என்னை நெருக்கினார். இதை வாசித்து சிலர் வருத்தப்படலாம். முழுவதையும் வாசித்துவிட்டு வருத்தப்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஒரு தகப்பனும் தாயும் என் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெருமுனையில் தைலமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். அதிலேயே எனக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிற மகள், கூடப் படிக்கிற இன்னொரு பெண்ணை நேசிக்கிறாள். அம்மாவிடம் அவளே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள்.

"பாஸ்டர், அவளுக்குள்ள ஏதோ புகுந்திருக்கு. மூணு நாள் உபவாசம் போட்டு துரத்திவிட்டுடுங்க. அறந்தாங்கிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கு, தை மாசத்துல முடிச்சிடுறோம். மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் இது தெரிஞ்சிடக் கூடாது" என்றார் அந்த சகோதரர்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என் இருதயத்தில் குத்திற்று. ஏனென்றால் அதே வார்த்தையை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

யோவான் 9-ம் அதிகாரத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். பிறவிக் குருடன் ஒருவன் வழியோரத்தில் இருக்கிறான். சீஷர்கள் அவனிடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெயரையும் கேட்கவில்லை. இவன் இப்படி ஆனதற்கு யார் செய்த பாவம் காரணம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று ஆண்டவரிடம் விசாரிக்கிறார்கள். நம்ம ஊர் டீக்கடையில் நடக்கிற விசாரணை போலவே இருக்கிறது அல்லவா? இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டு அந்த மனுஷன் பக்கம் திரும்பினார். கேள்வியைத் தள்ளினார், ஆளைச் சேர்த்துக்கொண்டார். இங்கே ஒரு எச்சரிப்பு: தன்பால் ஈர்ப்பு குருட்டாட்டம் போல ஒரு நோய் என்று நான் சொல்லவரவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துப்போட்டு நெடுங்காலம் ஆயிற்று. அது நடந்தது 1990 மே 17-ம் தேதி. நான் பேசுவது சீஷர்களுடைய கேள்வியைப் பற்றி. ஆளைப் பார்க்காமல் பாவத்தைத் தேடுகிற அந்தக் கண்ணைப் பற்றி.

அந்தக் கண் எனக்கும் இருந்தது. 2012-ம் வருஷம், நான் ஊழியத்துக்கு வந்த புதிது. பைபிள் காலேஜில் வாங்கின டிப்ளமோவை சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். நம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விசுவாசக் குடும்பம் தங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இருபத்தொரு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவன் போனில் வந்த ஒரு செய்தியைத் தகப்பன் பார்த்துவிட்டார். (அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர் பெயர் சொல்லமாட்டேன். யாரும் தேடவும் வேண்டாம். போன மாதம் வந்த குடும்பத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்று நாள் உபவாச ஜெபம் என்று அறிவித்தேன். தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவனை உட்காரவைத்தோம். சித்திரை மாத வெயில். மூப்பர்கள் நாலு பேர், நான் ஒருவன். எண்ணெய் பூசினோம், சத்தமிட்டோம், அதட்டினோம். ஒரு சகோதரர் வைராக்கியத்தில் அவன் முதுகில் ஓங்கி அடித்தார். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் தரையில் விழுந்தான். "விடுதலை! விடுதலை!" என்று ஆர்ப்பரித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாட்சி சொல்லவைத்தேன். காணிக்கையும் அன்றைக்கு அதிகம்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு தகப்பன் வந்து, "கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்ல பாஸ்டர்?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். பெண் வீட்டாரிடம் பழையதைச் சொல்ல வேண்டாம், கர்த்தர் மன்னித்ததை மனுஷன் ஏன் கிளற வேண்டும் என்று ஆலோசனையும் கொடுத்தேன். எவ்வளவு ஆவிக்குரிய வார்த்தை பாருங்கள்! 2013-ல் விவாகத்தை நடத்திவைத்ததும் நான்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பெண் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். சண்டை இல்லை, குடி இல்லை, அடி இல்லை. ஊரில் அவளைத்தான் பேசினார்கள். மலடி என்றார்கள், வாயாடி என்றார்கள். ஒருநாள் ஜெபத்துக்கு என்று என்னிடம் வந்தாள். தலையில் கைவைக்கப் போனேன். கையை விலக்கிவிட்டு, "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல பாஸ்டர்? அவங்க வீட்ல சொல்லல சரி. நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

பிரியமானவர்களே, என் ஊழியத்தில் பதில் சொல்ல முடியாமல் நின்ற நாள் அது. அந்தப் பையன் செய்தது பாவமா என்று மூன்று நாள் ஆராய்ந்த நான், பொய் சாட்சி சொல்லி ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்ததை ஒரு நிமிஷமும் பாவம் என்று எண்ணவில்லை. அவளுடைய வாலிபத்தை யார் திரும்பக் கொடுப்பது?

அதற்குப் பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. வெட்கத்தில் அந்தக் குடும்பத்தையே ஒதுக்கினேன். பையன் திருப்பூருக்கே போய்விட்டான். தாய் மட்டும் வந்து கடைசி வரிசையில், செருப்பு கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். சாட்சி நேரத்தில் அந்த அக்கா எழுந்தால் நான் பாட்டை ஆரம்பித்துவிடுவேன். 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம மாவட்டத்தை அடித்ததே, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கமெல்லாம் தென்னை அடியோடு சாய்ந்ததே, அப்போது அந்த அக்கா வீட்டு ஓடும் போயிற்று. மகன் இரவு பஸ்ஸில் வந்து, தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டு, ஊர் கண் விழிக்கும் முன்னே விடியற்காலையில் போய்விட்டானாம். சொந்த ஊருக்கு திருடனைப் போல வந்து போனான். தகப்பன் திண்ணையில் படுத்திருந்தார், முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷமே அவர் மரித்துப்போனார். மகனோடு பேசாமலே போய்விட்டார்.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முந்தி, 2018 செப்டம்பர் 6-ம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 377-ம் பிரிவை வைத்து, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றம் என்று சொல்லக்கூடாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்த்தார்கள். நம் பக்கம் யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. சிலர் மாத்திரம், "இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு இறக்குமதி" என்றார்கள். உண்மையில் 1860-ல் அந்தச் சட்டத்தை எழுதிவைத்தவன்தான் வெள்ளைக்காரன். போகட்டும், நம்மையும்தான் ஊரில் வெள்ளைக்காரன் மதம் என்கிறார்கள். அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியாதா?

என்னை உடைத்தது அந்தத் தீர்ப்பு அல்ல, வேறொன்று. 2021-ம் வருஷம், கொரோனா இரண்டாம் அலை. சபை பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டை விட்டு சென்னைக்கு வந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் முன்பாக வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இதைப் பற்றி எனக்கே சரியாகப் புரியவில்லை, என் மனதிலும் ஊரில் உள்ளவர்களைப் போலவே தப்பெண்ணம் இருக்கிறது என்று உத்தரவிலேயே ஒப்புக்கொண்டார். மனநல நிபுணர் ஒருவரிடம் போய் மாணவனைப் போல் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படிப்பட்ட வாழ்க்கை உள்ளவர்களிடமும் பேசினார். அதன் பிறகே, 2021 ஜூன் 7-ம் தேதி, சிகிச்சை என்ற பெயரில் இப்படிப்பட்டவர்களை மாற்றப் பார்ப்பதைத் தடைசெய்து உத்தரவு போட்டார். இவர்களைப் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலும் சேர்த்தார்கள்.

அந்தப் பெற்றோரும் கல்நெஞ்சர் அல்ல. சமுதாயம் என்ன சொல்லும், குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதே அவர்களுடைய பெரிய பயமாக இருந்தது என்று அந்த வழக்கிலே பார்க்கிறோம். மதுரை என்ன, புதுக்கோட்டை என்ன. நம்ம ஜனங்களுக்கு கர்த்தருக்குப் பயப்படுவதைவிட எதிர்வீட்டுக்குப் பயப்படுவது அதிகம்.

அன்றைக்கு அப்போஸ்தலர் 10-ம் அதிகாரம் எனக்குப் புதிதாய்த் திறந்தது. பேதுரு யோப்பா பட்டணத்தில் மேல்வீட்டில் இருக்கிறார். வேதம் அறிந்தவர், அபிஷேகம் பெற்றவர், பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கம் பண்ணினவர். அவருக்கே ஒரு மனுஷன் வீட்டு வாசலை மிதிக்க மூன்று தரம் சொல்லவேண்டியதாயிருந்தது. ஒரு நீதிபதி எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமுடிகிறது. ஒரு பாஸ்டர் சொல்லக்கூடாதா?

அந்த வருஷம் செப்டம்பரில் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். அவன் தங்கியிருந்த லைன் வீட்டைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் கூட்டிப்போக வந்துவிட்டேன் என்று நினைத்தானாம். நான் மன்னிப்பு கேட்க வந்தேன் என்று சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு சொன்னான்: "பாஸ்டர், அன்னைக்கு நான் விழுந்தது பிசாசு போனதால இல்ல. மூணு நாளா தண்ணி மட்டும்தான். விழுந்தா விட்டுடுவீங்கன்னு தோணுச்சு, விழுந்தேன்."

எட்டு ஒன்பது வருஷமாய் நான் பல கூட்டங்களில் சொல்லிவந்த விடுதலைச் சாட்சி அது!

வெளிநாட்டிலும் நம்மைப் போன்ற ஊழியக்காரர்கள் இதே வழியில் போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஒரு கிறிஸ்தவ ஸ்தாபனம் 1976-ல் ஆரம்பித்தார்கள். ஜெபத்தாலும் ஆலோசனையாலும் இந்த ஈர்ப்பை மாற்றலாம் என்று வாக்குப்பண்ணினார்கள். பல தேசங்களில் கிளைகள். அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் ஏறக்குறைய யாருக்குமே ஈர்ப்பு மாறவில்லை என்று 2012-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்பு கேட்டுவிட்டு ஸ்தாபனத்தையே மூடிவிட்டார்கள். 37 வருஷ ஊழியம்! அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். நான் சொல்லத் துணியமாட்டேன். அவர்கள் பொய்யை நிறுத்தினார்கள்.

இப்போது நம் மூப்பர்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "பாஸ்டர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. இது பாவமா, இல்லையா?"

நான் படித்ததும் இந்தச் சபை போதிப்பதும், விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்பதே. அதை மாற்ற இதை எழுதவில்லை. நாளைக்கு சபையில் இப்படிப்பட்ட கல்யாணம் நடத்தச் சொல்லுவார்களோ என்ற பயமும் வேண்டாம். அப்படிச் சட்டம் எதுவும் வரவில்லை, 2023 அக்டோபர் 17-ம் தேதி உச்ச நீதிமன்றமே அந்த விவாக உரிமையைக் கொடுக்க மறுத்துவிட்டது. ஆனால் ஈர்ப்பு அந்தப் பிள்ளை கடையில் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கினது அல்ல. அந்தத் தம்பி தன் பதிமூன்றாம் வயதிலிருந்து இரவெல்லாம் முழங்காலில் நின்று, மாற்றும் ஆண்டவரே என்று அழுதிருக்கிறான். நம்மில் எத்தனை பேர் அப்படி ஜெபித்திருக்கிறோம்? முன்னே இதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தேன். இப்போது அவ்வளவு தெரியாது. ஆனால் சில காரியம் பாவம் என்று நிச்சயமாய்த் தெரியும். பிள்ளையை அடிப்பது பாவம். பட்டினி போடுவது பாவம். மறைத்துக் கட்டிவைப்பது பாவம்.

1 கொரிந்தியர் 6-ம் அதிகாரத்தைக் காட்டுவீர்கள். நானும் வாசித்தேன். அதே பட்டியலில் பொருளாசைக்காரரும், குடிவெறியரும், வாயால் பிறரைக் கெடுக்கிறவர்களும் வரிசையாய் நிற்கிறார்கள். பத்து வட்டிக்கு விடுகிற ஒருவரையும் நாம் இதுவரை அறையில் அடைத்து அதட்டினது இல்லை. அவர் உபயமாய்க் கொடுத்த ஃபேன் இன்றைக்கும் நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

சோதோம் என்பீர்கள். எசேக்கியேல் 16-ம் அதிகாரம் 49-ம் வசனத்தை வீட்டில் நிதானமாய் வாசியுங்கள். சோதோமின் அக்கிரமத்தைச் சொல்லத் தொடங்கும்போது தீர்க்கதரிசி முதலில் சொல்வது அகங்காரத்தை. பிறகு வயிறு நிறைந்த நிர்விசாரத்தை. பிறகு ஏழை எளியவனைத் தாங்காமல் விட்டதை. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்ற வார்த்தையும் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனாலும் முதலில் வந்ததை நாம் ஏன் ஒருநாளும் பிரசங்கிக்கவில்லை? ஆதியாகமம் 19-ல் ஒரு கூட்டம் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, வந்தவர்களைப் பலவந்தம்பண்ணக் கதவை உடைக்கப் பார்த்தது. 2012-ல் அந்தத் தகர அறையை நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து பேர், ஒரு பையன். கதவை உடைக்கவில்லை, உள்ளே தாழ்ப்பாள் போட்டோம். நான் எந்தப் பக்கம் நின்றேன்?

இன்னொன்றும் அறிக்கையிடவேண்டும். பிரசங்கத்தில் நான் சில நேரம் ஆண்பிள்ளை பெண்போல் நடப்பதை நடித்துக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பீர்கள். அந்தத் தம்பி சொன்னான், "நானும் எல்லாரையும் விட சத்தமா சிரிப்பேன் பாஸ்டர், இல்லாட்டி கண்டுபிடிச்சிடுவாங்கள்ல" என்று. அதற்குப் பிறகு மேடையில் அதைச் செய்ததில்லை. நம் வாலிபர்கள் கபடி மைதானத்தில் "ஒன்பது" என்று கத்துவதையும் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். சிரிக்கிற முகங்களில் ஒன்று யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை இரவுக்கு வருகிறேன். உபவாசம் போடமாட்டேன் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் என்றால் பைபிளை எடுத்துக்கொண்டு நான் வரமாட்டேன் என்றும் சொன்னேன். வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றையும் சொன்னேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவளுடைய தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் வைத்திருந்தார்கள். தன்னை அடித்ததாகவும், சரியாக்குகிறோம் என்று சில சடங்குகள் செய்யவைத்ததாகவும் அவள் நீதிபதிகளிடம் சொன்னாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அவளை அவள் விருப்பப்படி போகவிட்டார்கள், வீட்டார் தடுக்கக் கூடாது என்றார்கள். சடங்கு என்று வாசித்தபோது அது நம் ஆட்கள் செய்வது அல்ல என்று தள்ளிவிட எனக்கு முடியவில்லை. எண்ணெயும் கூச்சலும் சடங்குதானே.

"நீங்க ஜெபிக்கலன்னா வேற பாஸ்டர் இல்லையா? ஜெபிக்கிறவங்க ஆயிரம் பேரு இருக்காங்க" என்று கோபத்தோடுதான் போனார்கள். தாய் மாத்திரம் வாசற்படியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு நாள் கழித்து சனிக்கிழமை சாயங்காலம் தகப்பன் தனியே வந்தார். வேறு இடத்துக்குக் கூட்டிப்போகவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தோட்டத்து மோட்டாரைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் பேசினார். பிறகு, "அந்தப் பையனோட அப்பா கடைசில அவன்கிட்ட பேசினாரா பாஸ்டர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டார். சாப்பிட்டியா என்று கேட்டது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. கல்யாணப் பேச்சை நிறுத்தினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருப்பூர் தம்பி இந்த டிசம்பர் 31 முழு இரவு ஆராதனைக்கு அம்மாவோடு வரலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறான். வரச்சொல்லியிருக்கிறேன். இருவருக்கும் முன்வரிசையில் பாய் போடும்படி மூப்பர்களிடம் சொல்லியாயிற்று. ஒரு மூப்பருக்கு அதில் மனமில்லை. அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு வீட்டாருக்காகவும், தாய் வீட்டுக்குத் திரும்பிவந்த அந்தச் சகோதரிக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்